260 கிலோவா, 226 கிலோவா: காளைக்கன்றின் பால்மறப்பு எடையை எப்படிப் படிப்பது?

ஒரே நாள் காலையில் இரண்டு காளைக்கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து எடைமேடையில் ஏற்றுகிறோம். முதல் கன்று 260 கிலோ. இரண்டாவது 226. இரண்டில் ஒன்றைத்தான் பொலிகாளையாக, அதாவது இனப்பெருக்கத்துக்கான காளையாக வளர்க்கப் போகிறோம். எதை வைத்துக்கொள்வது? சுற்றி நிற்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் கன்றைத்தான் கை காட்டுவார்கள். 34 கிலோ வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முதுகு அகலம், தொடைக்கட்டு எல்லாம் அந்தப் பக்கம்தான்.

நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். எடைமேடை காட்டுவது அன்றைக்கு அந்த உடம்பில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை மட்டும்தான். அந்தக் கனத்தைக் கன்று எத்தனை நாளில் சேர்த்தது, எவ்வளவோடு பிறந்தது, யார் பாலைக் குடித்தது, எந்தக் கன்றுகளோடு சேர்ந்து வளர்ந்தது என்ற விவரமெல்லாம் மேடைக்குத் தெரியாது. இந்த நான்கையும் கேட்டுவிட்டு அதே இரண்டு கன்றுகளைத் திரும்பப் பார்ப்போம்.

முதலில், பால்மறப்பு என்று எதைச் சொல்கிறோம்? கறவை மாட்டுப் பண்ணைகள் பலவற்றில் கன்றைப் பிறந்த ஓரிரு நாளிலேயே பிரித்து, வாளியிலோ புட்டியிலோ பால் கொடுத்து வளர்ப்பார்கள். இறைச்சிக்காக வளர்க்கும் இனங்களில் அப்படி இல்லை. யாரும் பால் கறப்பதில்லை. கன்று தாயின் பின்னாலேயே மேய்ந்து, நினைத்தபோது ஊட்டி, சுமார் 6 முதல் 8 மாதம் வரை கூடவே இருக்கும். அப்புறம்தான் பிரிப்பார்கள். பிரிக்கிற நாளில் எடுக்கும் எடைதான் பால்மறப்பு எடை. ஒரு தாய்க்கு ஓர் ஆண்டு முழுக்கப் போட்ட தீவனத்துக்குக் கைக்கு வருகிற விளைச்சல் இந்த ஒரு கன்றுதான். அதனால்தான் மாட்டுக்காரர்கள் இந்த எண்ணை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஏழு மாதத்தில் கன்றுக்குள் நடப்பது சுவாரசியமான கதை. பிறந்த கன்றுக்கு வயிற்றில் நான்கு அறைகள் இருந்தாலும், வேலை செய்வது கடைசி அறை மட்டும்தான். கன்று காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு குழாய்போலச் சுருண்டு, பாலை முதல் அறைக்குள் விழவிடாமல் நேராகக் கடைசி அறைக்குக் கொண்டுபோய்விடும். பிறகு கன்று புல்லைக் கடித்துப் பழக, முதல் அறையில் நுண்ணுயிர்கள் குடியேறும். அவை தீவனத்தைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் அமிலங்களால் அறையின் உட்சுவரில் விரல்போன்ற சிறு நீட்சிகள் வளரும். மூன்று நான்கு மாதத்தில் கன்று ஓரளவு முழுமையாக அசைபோடும் மாடாகிவிடுகிறது.

தாய்க்கோ இரண்டாம் மாதவாக்கில் பால் உச்சத்தைத் தொட்டு, அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கும். கன்றின் பசி ஏறிக்கொண்டே போகும்போது மடியில் பால் குறைந்துகொண்டே வருகிறது. அந்த இடைவெளியைப் புல்தான் நிரப்ப வேண்டும். எனவே பால்மறப்பு எடையின் முற்பாதி தாயின் மடியைப் பற்றியும், பிற்பாதி மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும் பேசுகிறது. நான்காம் மாதத்துக்குப் பிறகு புல் காய்ந்துவிட்டால், எவ்வளவு நல்ல வம்சத்துக் கன்றும் அங்கேயே தேங்கி நிற்கும்.

கணக்குக்கு வருவோம்

நம் முதல் கன்று பிறந்தபோது 40 கிலோ. எடை போட்ட அன்று அதற்கு 228 நாள் வயது. கூடிய எடை 220 கிலோ. 220-ஐ 228-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 0.96 கிலோ. இதைத்தான் தினசரி எடை கூடுதல் என்கிறோம்.

இரண்டாவது கன்று பிறந்தபோது 33 கிலோ. எடை போட்ட அன்று 196 நாள் வயது, அதாவது முதல் கன்றைவிட ஒரு மாதத்துக்கு மேல் இளையது. கூடியது 193 கிலோ. நாளொன்றுக்கு 0.98 கிலோ.

அவ்வளவுதான், 34 கிலோ வித்தியாசம் மாயமாகிவிட்டது. சொல்லப்போனால் சின்னக் கன்றின் வேகம் ஒரு மயிரிழை அதிகம். முதல் கன்றின் பெருமை பெரும்பாலும் ஒரு மாதம் முன்னால் பிறந்த பெருமை.

இங்கே புதியவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பிறந்த எடையைக் கழிக்காமல் 260-ஐ நேராக 228-ஆல் வகுத்துவிடுவார்கள். 1.14 வரும். ‘என் கன்று ஒரு கிலோவுக்கு மேல் ஏறுகிறது’ என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். பிறக்கும்போதே கொண்டுவந்த 40 கிலோவையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்த்ததால் வந்த ஒரு கிலோ அது. வயதுக்கு எத்தனை கிலோ என்று அப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது, தவறில்லை. ஆனால் ஒருவர் கழித்துச் சொன்னதையும் இன்னொருவர் கழிக்காமல் சொன்னதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

எல்லாக் கன்றுகளையும் ஒரே வயதுக்குக் கொண்டுவந்து பேசுவதற்கு ஒரு பொது நாள் தேவை. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய பீஃப் இம்ப்ரூவ்மென்ட் ஃபெடரேஷன் என்ற அமைப்பின் வழிகாட்டு முறையில் அது 205-ஆம் நாள். மாடுகளின் மரபுத் திறனை மதிப்பிடும் ஆஸ்திரேலியாவின் பிரீட்பிளான் முறையில் 200-ஆம் நாள். எதை எடுத்தாலும் யோசனை ஒன்றுதான்: தினசரி கூடுதலை 205-ஆல் பெருக்கி, பிறந்த எடையைச் சேர்த்தால், ‘இந்தக் கன்று சரியாக 205-ஆம் நாளில் எத்தனை கிலோ இருந்திருக்கும்’ என்பதற்கு ஒரு மதிப்பு கிடைக்கும். முதல் கன்றுக்கு 238 கிலோ. இரண்டாவதற்கு 235 கிலோ. 160 முதல் 250 நாள் வயதுக்குள் எடுத்த எடைக்கு மட்டுமே இந்தக் கணக்கை நம்பலாம். அதற்கு வெளியே போனால் வளர்ச்சியை நேர்கோடாக நினைப்பது சரிப்படாது.

தாயின் வயது

இன்னும் ஒரு கழித்தல் கூட்டல் பாக்கி இருக்கிறது. முதல் கன்றின் தாய் 6 வயதுப் பசு; நாலைந்து ஈற்றுப் பார்த்தது. இரண்டாவது கன்று ஒரு தலையீற்றுக் கிடேரியின் பிள்ளை, தாய்க்கே 2 வயதுதான். அந்தத் தாய் தானும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது தின்கிற புல்லில் ஒரு பங்கு தன் எலும்புக்கும் தசைக்கும் போகிறது; மடியும் முழுசாகத் தேறவில்லை. இரண்டு கன்றுக்கும் கிடைத்த பால் எப்படிச் சமமாக இருக்கும்?

அதனால் தாயின் வயதுக்கு ஏற்ப ஒரு கூடுதல் எடையைச் சேர்த்துக்கொள்ள அந்த அமெரிக்க வழிகாட்டு முறை ஒரு பொது அட்டவணை வைத்திருக்கிறது. காளைக்கன்று என்றால், 2 வயதுத் தாய்க்கு 60 பவுண்டு (சுமார் 27 கிலோ), 3 வயதுக்கு 40 பவுண்டு (18 கிலோ), 4 வயதுக்கு 20 பவுண்டு (9 கிலோ). 5 முதல் 10 வயது வரை ஒன்றும் சேர்ப்பதில்லை. அதுதான் பசுவின் முழுப் பலமான காலம். 11 வயதிலிருந்து திரும்பவும் 20 பவுண்டு. கிடேரிக்கன்றுகளுக்கு இந்த எண்கள் சற்றுக் குறைவு. பல இனச் சங்கங்கள் தங்கள் இனத்துக்கென்று தனி அட்டவணை வைத்திருக்கும். இருந்தால் அதைப் பயன்படுத்துவதே நல்லது.

27 கிலோவைச் சேர்த்தால் நம் இரண்டாவது கன்று 262 கிலோ ஆகிறது. முதலாவது 238-லேயே நிற்கிறது. மேடையில் 34 கிலோ பின்தங்கியிருந்தது, கணக்கில் 24 கிலோ முன்னால் வந்துவிட்டது. இந்தத் திருப்பம் வேண்டுமென்றே ஜோடித்த உதாரணம் என்று நினைக்க வேண்டாம். தலையீற்றுக் கிடேரிகளும் முதிர்ந்த பசுக்களும் கலந்த மந்தையில் இது சாதாரணமாக நடப்பது. கிடேரியின் கன்று என்றாலே சோனி என்று ஒதுக்கிவிடுகிற பழக்கத்தில் நல்ல காளைகள் எத்தனையோ போயிருக்கும்.

யாரோடு ஒப்பிடுகிறோம்?

262 நல்ல எடையா? தனியாகக் கேட்டால் இதற்குப் பதில் கிடையாது. நன்றாக மழை பெய்து புல் செழித்த ஆண்டில் அது சுமார். வறண்ட ஆண்டில் அது அபாரம். ஆகவே ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே நிலத்தில் மேய்ந்து, ஒரே தீவனம் தின்று, ஒரே நாளில் எடை போடப்பட்ட, ஒரே பாலினக் கன்றுகளை மட்டும் ஒரு கூட்டமாக வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 245 கிலோ என்றால், 262 கிலோ கன்றுக்கு 107. 238 கிலோ கன்றுக்கு 97. கிலோவைவிட இந்த 107-க்குப் பேசும் திறன் அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம். பால் மறக்கடிப்பதற்கு முன்பே, சுமாரான காளைக்கன்றுகளையெல்லாம் காயடித்துவிட்டு, தேறியவற்றை மட்டும் காளையாக விட்டு எடை போடுவது வழக்கம். காயடித்தவை வேறு கூட்டமாகிவிடும், ஏனென்றால் ஆண் ஹார்மோனின் உந்துதல் இல்லாமல் அவை சற்று மெதுவாகவே ஏறும். மிச்சமிருப்பது நல்ல கன்றுகள் மட்டும் என்பதால் காளைக் கூட்டத்தின் சராசரி உயர்ந்துவிடும். விளைவு: உங்கள் மிகச் சிறந்த கன்றின் 107, 102-ஆக இறங்கித் தெரியும். கன்று மாறவில்லை, பக்கத்தில் நிற்பவர்கள்தான் மாறினார்கள். காயடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை எடை போட்டுவைத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

தாய்கள் நுழைய முடியாதபடி குறுகலான வழி வைத்த தடுப்புக்குள் கன்றுகளுக்கு மட்டும் அடர்தீவனம் வைக்கிறவர்களும் உண்டு. எடை ஏறும், சந்தேகமில்லை. ஆனால் பால் குறைந்த தாயின் கன்று அங்கே போய் ஈடுகட்டிக்கொள்ளும். எந்தப் பசுவுக்கு மடி நல்லது என்ற தகவல் அழிந்துபோகும். விற்பதற்காக வளர்க்கிறீர்கள் என்றால் தீவன விலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். தாய்களைத் தரம் பிரிக்கத்தான் எடை போடுகிறீர்கள் என்றால் நான் வைக்க மாட்டேன்.

எடை போடுவதிலேயே பிசகினால்

மேலே போட்ட கணக்கெல்லாம் மேடையில் கிடைத்த எண் சரியாக இருந்தால்தான். ஒருமுறை நான் பாதிக் கன்றுகளை மாலையில் மேய்ந்து தண்ணீர் குடித்து வந்த கையோடு எடை போட்டேன். இருட்டிவிட்டதால் மிச்சத்தை இரவு முழுக்கப் பட்டியில் அடைத்து, மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு போட்டேன். நோட்டைப் பார்த்தால் மாலைக் கன்றுகள் எல்லாம் ‘நல்ல வம்சம்’, காலைக் கன்றுகள் எல்லாம் ‘சுமார் வம்சம்’! பத்து லிட்டர் தண்ணீர் குடித்தால் பத்து கிலோ. அசைபோடும் பிராணியின் உடல் எடையில் வயிற்றுச் சரக்கு ஒரு பெரும் பங்கு. அது நிரம்பியிருந்ததா காலியாக இருந்ததா என்பது வம்சத்தைவிடப் பெரிதாகத் தெரிந்துவிடும். அந்த ஆண்டுக் கணக்கைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே வேளையில், ஒரே நிலையில் போடுங்கள். இரண்டு எடைகளுக்கு நடுவே போதுமான நாள் விடுங்கள். பத்து கிலோ பிழையை 14 நாளில் வகுத்தால் தினசரிக் கணக்கில் 0.7 கிலோ பொய் சேரும். அதையே 112 நாளில் வகுத்தால் 0.09 மட்டும்தான். பொலிகாளைகளைச் சோதிக்கும் நிலையங்கள் 112 நாள், 140 நாள் என்று நீட்டி வைப்பது சும்மா இல்லை.

எடைமேடை இல்லாதவர்கள் நாடாவை வைத்துச் சமாளிக்கலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். தோள்முனையிலிருந்து வாலடிக்குப் பக்கத்தில் துருத்தும் எலும்பு முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். எல்லாம் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோவில் உத்தேச எடை. சுற்று 145, நீளம் 125 என்றால் 242 கிலோ வரும். கன்று தலையைத் தூக்கினால், காலை மாற்றி வைத்தால் அளவு மாறும். அதனால் மருந்தின் அளவு பார்க்கவோ உத்தேசமாகத் தெரிந்துகொள்ளவோ இது போதும். 107-ஆ 104-ஆ என்று தீர்ப்புச் சொல்ல இதை நம்ப வேண்டாம்.

தாயை விட்டுப் பிரிந்த பிறகு

பிரித்த முதல் சில நாட்கள் கன்று கத்திக்கொண்டே வேலியோரம் நடக்கும், சரியாகத் தின்னாது, எடை இறங்கவும் செய்யும். நல்ல வேலிக்கு இந்தப் பக்கம் கன்று, அந்தப் பக்கம் தாய் என்று சில நாள் பார்வையில் வைத்துப் பிரித்தால் கத்தலும் அலைச்சலும் குறைகின்றன. இந்த நாட்களின் எடையை வைத்து வளர்ச்சியைக் கணிப்பது வீண். சோதனை நிலையங்களிலும் புதிய தீவனத்துக்குப் பழக மூன்று வாரம்போல விட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் கன்றின் சொந்தக் கணக்கு. இனி தாயின் பால் கிடையாது. பால்மறப்பு எடையில் கன்றுக்குக் கன்று தெரியும் வித்தியாசத்தில் சுமார் கால் பங்குதான் கன்றின் சொந்த மரபணுக்களால் வருவது. மிச்சத்தில் தாயின் பால், மேய்ச்சல், நோய், அதிர்ஷ்டம் எல்லாம் கலந்திருக்கிறது. ஒரு வயது எடையிலோ அந்தப் பங்கு சுமார் 40 சதவீதத்துக்கு ஏறுகிறது. எனவே பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் ஒரு வயது எடைக்காகக் காத்திருப்பது நியாயமே.

நம் இரண்டு கன்றுகளையும் 160 நாள் கழித்துத் திரும்ப மேடையேற்றினோம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 484 கிலோ, நாளொன்றுக்கு 1.4 கிலோ ஏறியிருக்கிறது. இரண்டாவது 434 கிலோ, நாளொன்றுக்கு 1.3. மேடையில் வித்தியாசம் 50 கிலோ. 365 நாளுக்குச் சரிசெய்யும் முறை எளிது: பால்மறப்புக்குப் பிந்தைய தினசரி கூடுதலை 160-ஆல் பெருக்கி, ஏற்கெனவே சரிசெய்த 205 நாள் எடையோடு சேர்க்க வேண்டும். முதலாவது 462, இரண்டாவது 470.

ஆக 24 கிலோ முன்னிலை 8 கிலோவாகச் சுருங்கிவிட்டது. முதல் கன்று தனக்கென்று வளரும் வேகத்தில் குறைந்ததில்லை. அதன் தாய் முதிர்ந்த பசுவாக இருந்தும், மடி பால் வற்றலாக இருந்திருக்கலாம். ஆனால் உடனே அதன் பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. தீவனம் குறைந்து பின்தங்கிய கன்றுக்கு நல்ல தீவனம் கிடைத்ததும், கொஞ்ச காலம் மற்றவற்றைவிட வேகமாக ஏறி ஈடுகட்டும். 1.4-இல் ஒரு பகுதி அந்தப் பழைய பசியாகக்கூட இருக்கலாம்.

8 கிலோவுக்காக நான் சண்டை போட மாட்டேன். முடிவு வேறொரு எண்ணில் இருக்கிறது: பிறந்த எடை. வேகமாக வளரும் வம்சம் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், கன்றுகள் பிறக்கும்போதே பெரிதாகிக்கொண்டு போகும், ஏனென்றால் இரண்டும் கைகோத்து வருகிற குணங்கள். பெரிய கன்றைக் கிடேரியால் எளிதில் ஈன முடியாது. இரண்டாவது கன்று 33 கிலோவில் பிறந்தது. தலையீற்றுக் கன்று எப்படியும் சற்றுச் சிறிதாகத்தான் பிறக்கும் என்று அதற்கான 3.6 கிலோவைச் சேர்த்தாலும் 37-ஐத் தொடவில்லை. மற்றது 40. சிறிதாகப் பிறந்து அதே வேகத்தில் வளர்ந்திருக்கிறது என்பதால்தான், கிடேரிகள் இருக்கும் மந்தைக்கு இரண்டாவது காளையை நான் எடுப்பேன்.

எடுத்த காளையை எவ்வளவு வேகமாக ஏற்றுவது? தானியத்தைக் கொட்டினால் இன்னும் ஏறும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறுவது தசை இல்லை, கொழுப்பு. அந்தக் கொழுப்பு விதைப்பையின் கழுத்திலும் படியும். விந்து சரியாக உண்டாக விதைகள் உடல் சூட்டைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கொழுப்பு அந்தச் சூடு வெளியேறுவதைத் தடுத்துவிடும். அதிகத் தானியத்தால் குளம்புக்குள் வீக்கம் வந்து நடை கெடுவதும் உண்டு. எடையோடு விதைப்பையின் சுற்றளவையும் ஒரு நாடாவால் அளந்து வைப்பது இதற்காகத்தான். 12 முதல் 15 மாத வயதில் குறைந்தது 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல். 500 கிலோ தொட்டும் 28 சென்டிமீட்டரில் நிற்கிற காளை பொலிக்கு ஆகாது.

கொழுக்கவைத்த இளங்காளையைத் தீவனத் தொட்டியிலிருந்து நேராக மேய்ச்சலுக்கும் பசுக்களுக்கும் நடுவே விட்டால், சில வாரத்திலேயே இளைத்து எலும்பு தெரியும். பசுக்களோடு விடுவதற்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பிருந்தே தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, புல்லைக் கூட்டி, பெரிய இடத்தில் நடக்கவிட வேண்டும். அந்த நாட்களில் மேடையில் எண் அவ்வளவாக ஏறாது; ஏற வேண்டியதும் இல்லை.